காஸ்தோருக்கு வைத்த நேர்த்தி

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கூடைப்பந்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால், ஆண்கள்கூடக் கிறேசிடம்தான் கேட்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டவர் திரேசம்மா. பந்து எந்தப் பக்கம் விழுந்தால் யாருக்குப் புள்ளி என்றுகூட அவருக்குத் தெரியாது. கேட்டால் கிறேஸ் சந்தோசப்படுவாள் என்பது மட்டும் தெரியும்.

“என்ன பிள்ளை, உங்கட காஸ்தோர் இந்த முறை கப் எடுப்பினமோ?”

“எடுக்க மாட்டினம்,” என்றாள் கிறேஸ்.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? காஸ்தோர் என்பது மொன்றியலின் கூடைப்பந்து அணி. கோடைகால லீக்கில் சம்பளம் வாங்கி விளையாடுகிற அணிதான். ஆனால் ஐஸ் ஹொக்கிக்கு உயிரைக் கொடுக்கிற இந்த நகரத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதல் வருடம் அது தோற்ற தோல்விக்கு அளவில்லை. அப்போது இதே மண்டபத்தில் நின்று, “இந்த முறை இல்லாட்டி அடுத்த முறை கட்டாயம்,” என்று சொன்னவள் கிறேஸ். இரண்டாம் வருடம் கடைசி இடம். அப்போதும் அதையே சொன்னாள். மூன்றாம் வருடம் கடைசிக்கு முந்திய இடம். அது பெரிய முன்னேற்றம் என்று சாதித்தாள். இப்போது நான்காவது கோடை. காஸ்தோர் வென்று வென்று பட்டியலின் உச்சியில் நிற்கிறது. இப்போது போய் எடுக்க மாட்டார்கள் என்கிறாள்.

“ஏன் அக்கா அப்பிடிச் சொல்லுறியள்?” என்று கேட்டான் ரதீசன். பாடகர் குழுவில் கீபோட் வாசிக்கிறவன். கூடைப்பந்தும் கொஞ்சம் பார்ப்பவன்.

“தெறிச்சு வாற பந்தை, றீபவுண்ட் பிடிக்க ஆளில்லை. உயரமான பெடியன்ரை கணுக்கால் சரியில்லை. கடைசி குவாட்டரிலை எல்லாரும் களைச்சுப் போவினம். இருந்து பாருங்கோ.”

சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் காரணம் அந்த மூன்றும் இல்லை. காரணம் மண்டபத்தின் மறுகோடியில் பற்றிஸ் பலகாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, சஜிதாவின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நின்றது. அதற்கு ஜென்சி என்று பெயர்.

கிறேசுக்கு எரிச்சல் புதிதல்ல. அவளுக்கு இப்போது ஐம்பத்துநான்கு வயது. அதில் பெரும்பகுதியை யாரையாவது பார்த்து வயிறெரிந்தே கழித்திருக்கிறாள். மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வலைப்பந்து விளையாடினாள். கோல் டிஃபென்ஸ். வலைக்குள் பந்து போட வருகிறவளுக்கு முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நின்று, போடவிடாமல் கெடுப்பதுதான் அந்த இடத்தில் நிற்பவளின் வேலை. கெடுப்பதில் அவளை விஞ்ச அந்த மாவட்டத்தில் ஆளில்லை. ஆனாலும் கிண்ணத்தோடு பள்ளிக்கூடம் திரும்பிய அன்று, மதர் மாலை போட்டது பந்து போட்ட ஜெனாட்டுக்கு. ஜெனாட் இப்போது அவுஸ்திரேலியாவில் பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாளாம். அந்த மாலையைக் கிறேஸ் இன்னும் மறக்கவில்லை.

பிறகு கனடா. பிறகு ஸ்காபரோ மீது எரிச்சல். கிறேசின் சொந்தமெல்லாம் முதலில் மொன்றியலில்தான் வந்து இறங்கியது. இரண்டு மூன்று வருடம் பிரெஞ்சோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குடும்பத்துக்குப் பின் ஒரு குடும்பமாக ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் போய்விட்டது. கிறேஸ் மட்டும் நின்றாள். கணவர் ஞானேந்திரனுக்கு விமானச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில் நிரந்தர வேலை. அவளுக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரியில் சமையல் வேலை. கலியாண வீட்டுக்கு ஸ்காபரோ போனால், “மொன்றியலிலை இன்னும் எங்கட சனம் இருக்குதோ?” என்று மச்சாள்மார் கேட்பார்கள். பகிடிக்குத்தான் கேட்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தெருவுக்கொரு தமிழ்க்கடை. தக்காளி வாங்கினாலும் தமிழில் விலை பேசலாம். இவள் ‘போன்ஜூர்’ சொல்லித் தொடங்கி ‘மெர்சி’ சொல்லி முடிக்க வேண்டும். திரும்பி வருகிற பஸ்ஸில் ஞானேந்திரன் குறட்டை விட்டுக்கொண்டு வருவார். அவள் யன்னலோரம் இருந்து, அவர்களிடம் இருக்கிறதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பார்த்துக்கொண்டு வருவாள்.

அப்படிப்பட்டவளுக்குக் காஸ்தோர் கிடைத்தது. ஸ்காபரோவுக்கும் அந்த லீக்கில் ஒரு அணி இருந்தது. ஏற்கனவே கப் எடுத்த அணி. இருந்தால் என்ன? மொன்றியலுக்கென்று இப்போது ஒன்று இருக்கிறது. ஆற்றோரத்தில் ஒரு பழைய ஹொக்கி மண்டபத்தில், கோடை வந்ததும் பனித்தளத்தை உருக்கிவிட்டுப் பலகை போட்டு விளையாடினார்கள். மேல்வரிசையில் இருந்தால் இருக்கை முதுகைக் கடிக்கும். குளிரூட்டி பாதி நாள் வேலை செய்யாது. அவளுக்கு அது கோயில் மாதிரி இருந்தது. யாராவது ஒரு பெடியன் கையை உயர்த்திப் பந்தைத் தட்டிவிட்டால், மற்றவர்கள் கைதட்டுவதற்கு முன்னால் அவள் எழும்பி நிற்பாள்.

இந்தக் கோயிலுக்கு அவள் கூட்டிவந்த ஒரே பக்தை சஜிதா.

சஜிதா யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். கிறேசைவிட எத்தனையோ வயது இளையவள். கணவர் லொறியில் வாரக்கணக்காக வெளியூர் போய்விடுவார். மகன் அனுஜன் சின்னவனாக இருந்தபோது கிறேஸ் சமைக்கிற கார்டெரியில்தான் விட்டிருந்தாள். அவன் அங்கே வாயே திறக்க மாட்டான். பாஸ்தாவைக் கண்டால் முகத்தைத் திருப்புவான். ஒரு நாள் கிறேஸ் பொறுக்க முடியாமல், தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த சோற்றையும் பருப்பையும் குழைத்து அவனுக்கு வாயில் தீத்திவிட்டாள். அங்கே அது சட்டப்படி பிழை. பொறுப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆனால் பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த சஜிதா, சமையலறை வாசலில் நின்று, “அக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். அன்றிலிருந்து சஜிதா கிறேசுடைய ஆள்.

மெற்றோவில் இருவரும் மண்டபத்துக்குப் போவார்கள். போகும்போது சஜிதா ஒரு வாரத்துக் கதையைச் சொல்லி முடிப்பாள். வரும்போது கிறேஸ் விளையாட்டைப் பற்றிச் சொல்லி முடிப்பாள். முதல் நாள், “ஏன் அக்கா பந்தை நிலத்திலை குத்திக் குத்திக் கொண்டு ஓடுறாங்கள்?” என்று கேட்ட சஜிதா, இரண்டாம் வருடத்தில் நடுவரைத் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அவள் திட்டும்போது கிறேசுக்குப் பெருமையாக இருக்கும்.

முதல் வருடத் தோல்வியெல்லாம் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை இருவரும் சூசையப்பர் கோயிலுக்குப் போனார்கள். மலையில் இருக்கிற பெரிய கோயில். வாசலுக்கு ஏறிப் போகிற நீளமான படிக்கட்டின் நடுவில் மரப்படி போட்டிருக்கிறார்கள். நேர்த்தி வைத்து முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் அந்தப் படி. நடந்து ஏறுகிறவர்கள் இரண்டு பக்கமும் உள்ள சீமெந்துப் படியில் போக வேண்டும். கிறேஸ் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“காஸ்தோர் ஒருக்கா கப் எடுத்தால், நானும் நீயும் இதிலை முழங்காலிலை ஏறுவம். சரியோ?”

“அப்ப ஏறவே தேவையில்லை அக்கா,” என்று சொல்லிச் சஜிதா சிரித்தாள். சிரித்துவிட்டு, “சரி,” என்று கும்பிட்டாள்.

அதுதான் நேர்த்தி. இருவருக்கும் பொதுவானது. வேறு யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் பங்குனியில் ஜென்சி வந்து சேர்ந்தாள். எல்லாரும் மொன்றியலிலிருந்து ஸ்காபரோ போக, இவள் கணவரின் வேலை மாற்றத்தால் ஸ்காபரோவிலிருந்து மொன்றியல் வந்தாள். புறநகரான புரோசார்டில் வீடு, வாசலில் இரண்டு கார். பூசைக்கு வந்த முதல் ஞாயிறே பற்றிஸ் செய்துகொண்டு வந்தாள். பற்றிஸ் நன்றாக இருந்தது. சஜிதாவும் அவளும் ஒரே வயது, யாழ்ப்பாணத்தில் ஒரே ரியூட்டரியில் வேறு வேறு வருடம் படித்தவர்கள் என்று தேத்தண்ணீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜென்சி கெட்டவளாக இருந்திருந்தால் கிறேசுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நாலு பேரிடம் சொல்லி ஆறியிருக்கலாம். ஆனால் ஜென்சி நல்லவள். சும்மா நல்லவள் இல்லை, வாய் நிறைய “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டு, கையில் இருந்த பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிற நல்லவள். அதை எப்படிப் பொறுப்பது?

“நீங்கள் ரெண்டு பேரும் மட்ச் பாக்கப் போறனீங்களாமே? நானும் வாறன் அக்கா. நான் உங்களை ஏத்திக்கொண்டு போறன்.”

ஏற்றிக்கொண்டு போனாள். முன்சீற்றில் சஜிதா, பின்சீற்றில் கிறேசும் சாப்பாட்டுப் பெட்டியும். முன்னால் இருவரும் கதைத்துச் சிரிக்கிறது பாட்டுச் சத்தத்தில் பின்னால் அரைகுறையாகத்தான் கேட்டது. “என்ன சொன்னனீங்கள்?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, மூன்றாம் தரம் கேட்க வெட்கமாக இருந்ததால் கிறேஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மண்டபத்தில் சஜிதா நடுவில் இருந்தாள். நடுவில் இருக்கிறவளின் முகம் எந்தப் பக்கம் கூடத் திரும்புகிறது என்று பார்ப்பதிலேயே கிறேசுக்கு முதல் பாதி போய்விட்டது. பந்தை அவள் பார்க்கவே இல்லை.

அடுத்த ஆட்டத்துக்கு ஜென்சி காஸ்தோரின் பச்சை மேற்சட்டை மூன்று வாங்கி வந்தாள். அவளுக்கும் சஜிதாவுக்கும் ஒரே அளவு. கிறேசுக்கு வாங்கியது இரண்டளவு பெரிது. பார்த்தே அளவு சொன்னாளாம். கிறேஸ் வீட்டில் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

எல்லாவற்றையும்விட, ஜென்சி சொல்லுகிற ‘எங்கட ரீம்’ தான் அவளைக் கொன்றது. “இந்த முறை எங்கட ரீம்தான் அக்கா. ஸ்காபரோவிலை என்ரை அண்ணாவோடை பந்தயம் பிடிச்சுப்போட்டன். கப் எடுத்த ஸ்காபரோ ரீமை நான் பாத்தனான். இது அந்த மாதிரியான ரீம்.” எங்கடையாம். தோற்ற காலமெல்லாம் முதுகு நோக நோக இருந்து பார்த்தது யார்? வெறும் இருக்கைகளுக்கு நடுவில் இரண்டே இரண்டு பேராக எழும்பி நின்று கைதட்டியது யார்? வெல்லுகிற வருடத்தில் வந்து இறங்கி ‘எங்கட’ என்கிறாள். ஜென்சி எடுப்பார்கள் என்று சொன்னதால்தான் கிறேஸ் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். உள்ளுக்குள் அவளுக்குத் தெரியும், இந்த அணி எடுக்கக்கூடிய அணி. அவள் எத்தனையோ இரவு நினைத்துப் பார்த்த மாதிரியே ஒருவருக்கு ஒருவர் பந்தை விட்டுக்கொடுத்து விளையாடுகிற அணி. வீட்டில் ஞானேந்திரன், “உம்மடை ஆக்கள் வெல்லுறாங்கள், நீர் ஏன் செத்த வீட்டுக்குப் போட்டு வந்த மாதிரி இருக்கிறீர்?” என்று கேட்டபோது, சோற்றை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

யூலையில் ஒரு நாள் காரில் போகும்போது, சஜிதா முன்சீற்றிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

“அக்கா, எங்கட நேர்த்தியைப் பற்றி ஜென்சிக்குச் சொன்னனான். அவவும் எங்களோடை ஏறுறாவாம்.”

“நான் நடுவிலை ஏறுறன்,” என்றாள் ஜென்சி வண்டியை ஓட்டிக்கொண்டே. “ரெண்டு பேரும் என்னைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு உயரம் எண்டால் தலை சுத்தும்.”

கிறேஸ் சாப்பாட்டுப் பெட்டியை மடிக்கு இழுத்தாள். “ஏறட்டும். படி என்ன என்ரை வீட்டுப் படியோ?” என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாள் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம் ரிகோவில் லூர்து மாதா திருவிழா. மொன்றியல் தமிழர்கள் வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்காமல் பஸ் பிடித்துப் போகிற இடம். மலையடிவாரத்தில் மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் சனம் நெரிபட்டது. சஜிதாவும் ஜென்சியும் ஒரு மெழுகுதிரியை இரண்டு பேருமாகப் பிடித்துக் கொளுத்தினார்கள். ஒரு மெழுகுதிரியை. கிறேஸ் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய் முழங்காலில் இருந்தாள்.

‘மாதாவே, காஸ்தோர் தோற்க வேண்டும்,’ என்று கேட்டாள். ‘கடைசியில் வந்து தோற்க வேண்டும். தோற்றால் நான் தனியே சூசையப்பர் கோயில் படியில் அடியிலிருந்து நுனிவரை முழங்காலில் ஏறுகிறேன்.’

அவளுடைய கணக்கு இதுதான். காஸ்தோர் வென்றால் மூன்று பேரும் சேர்ந்து படியேறுவார்கள், நடுவில் ஜென்சி இருப்பாள், பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் படம் சஜிதாவின் வீட்டுச் சுவரில் தொங்கும். தோற்றால் ஜென்சிக்கு ஆசை விட்டுப்போகும். வென்ற இடத்துக்கு வந்தவள்தானே, தோற்ற இடத்தில் நிற்பாளா? திரும்பவும் அவளுடைய ஸ்காபரோ அணியைப் பார்க்கப் போய்விடுவாள். சஜிதா மெற்றோவுக்குத் திரும்பி வருவாள். கேட்டு முடித்ததும் கிறேசுக்கே திக்கென்றது. தன் அணியைத் தோற்கச் சொல்லி மாதாவிடம் கேட்டவள் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் கேட்டதை அவள் திருப்பி எடுக்கவில்லை.

காஸ்தோர் இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே வந்தது வேறு யாருமில்லை, ஸ்காபரோ.

ஓகஸ்ட் மாத ஞாயிறு மத்தியானம். மண்டபம் நிரம்பி வழிந்தது. அத்தனை வருடமும் வெறுமையாகக் கிடந்த இருக்கைகளில் யார் யாரோ வந்து இருந்துகொண்டு பச்சைக் கொடி ஆட்டினார்கள். கிறேஸ் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தாள். ஆட்டத்தின் நாலு குவாட்டரில் மூன்றிலும் காஸ்தோர்தான் முன்னால். ஜென்சியும் சஜிதாவும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ‘மாதா என் சொல்லைக் கேட்க மாட்டாள் போல,’ என்று நினைத்தபோது கிறேசுக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும் ஒரு பக்கம் ஆத்திரமாகவும் இருந்தது.

கடைசிக் குவாட்டரில் உயரமான பெடியன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். கூடையில் பட்டுத் தெறித்த பந்தெல்லாம் ஸ்காபரோவின் கைக்குப் போனது. காஸ்தோர்ப் பெடியன்கள் இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கினார்கள். பின்வரிசையில் இருந்த ரதீசன் குனிந்து, “அக்கா சொன்ன மாதிரியே நடக்குது,” என்றான். அதைக் கேட்டதும் கிறேசுக்கு மனம் குளிர்ந்தது. மறுநிமிடமே உண்மை உறைத்தது. அவள் சொன்ன மாதிரி நடக்கவில்லை. அவள் கேட்ட மாதிரி நடக்கிறது.

முடிய இன்னும் சில நொடி. ஒரு புள்ளி பின்னால். காஸ்தோரின் ஆகச் சின்னப் பெடியனுக்கு, கிறேஸ் இருக்கிற செயின்ட்-மிஷேலில் வளர்ந்தவனுக்கு, யாரும் மறிக்காமல் எறிகிற ஃபிரீ துரோ இரண்டு கிடைத்தது. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் கப். கிறேஸ் எப்போது எழும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. “போடு ராசா,” என்று கத்திக்கொண்டு நின்றாள். ‘மாதாவே, நான் சொன்னதை விடு. நான் விசரி, புத்தி கெட்டவள். நான் கேட்டதை விடு, அவன் போடட்டும்.’ முதல் பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது. இரண்டாவது வளையத்தின் முன்விளிம்பில் பட்டது. ஸ்காபரோக்காரன் ஒருவன் அதைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

கிறேஸ் இருக்கையில் இருந்துவிட்டாள். சஜிதா முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஜென்சியின் தொலைபேசி அடித்தது. ஸ்காபரோ அண்ணனாக இருக்கும். அவள் எடுக்கவில்லை. சஜிதாவைத் தாண்டி வந்து கிறேசின் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“நீங்கள் முதலே சொன்னனீங்கள் அக்கா. நாங்கள்தான் கேக்கேல்லை. உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும். நாலு வருசமாப் பாத்தனீங்கள்.”

கிறேஸ் அவளுடைய முதுகைத் தடவினாள். வேறு என்ன செய்வது?

“அடுத்த வருசத்துக்கு மூண்டு சீற்றும் நான் இப்பவே பதியிறன்,” என்றாள் ஜென்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு. “விடக் கூடாது அக்கா.”

கிறேசின் கணக்கில் அதுவும் பிழைத்தது.

ஆனால் நேர்த்தி நேர்த்திதான். மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். செலுத்தாமல் விட்டால் என்ன நடக்கும் என்று கிறேசுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டது அநியாயம் என்பதற்காகக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட முடியாது. அந்த வாரம் முழுக்கக் கார்டெரியில் சட்டி பானை கழுவும்போதெல்லாம் தன் முழங்கால்களை நினைத்துக்கொண்டாள். இரண்டும் மாரியில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி நோகிற முழங்கால்கள்.

சனிக்கிழமை காலை, ஞானேந்திரனிடம் சூசையப்பர் கோயிலில் ஒரு நேர்த்தி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, செயின்ட்-மிஷேலில் மெற்றோ ஏறினாள். தனியாகப் போய் நாளாகிவிட்டது. பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு கிழவர் பேப்பர் வாசித்துக்கொண்டு வந்தார்.

மரப்படியில் அவளுக்கு முன்னால் இரண்டு பிலிப்பினோப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு படிக்கு ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ என்று வைத்து ஏறத் தொடங்கினாள். கொஞ்சத் தூரத்திலேயே செபம் போய் நோவு மட்டும் மிஞ்சியது. கால்வாசி தாண்டியிருக்கும், பக்கத்துச் சீமெந்துப் படியில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது.

“அக்கா.”

சஜிதா. மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள்.

“உங்கட வீட்டை போன் எடுத்தனான். அண்ணை சொன்னவர், நேர்த்தியெண்டு இஞ்சை வந்திட்டியளாம். என்ன அக்கா இது?”

கிறேஸ் அடுத்த படிக்கு முழங்காலைத் தூக்கி வைத்தாள். சஜிதா விறுவிறென்று கீழே இறங்கிப் போய், அடிப்படியிலிருந்து முழங்காலில் ஏறத் தொடங்கினாள். இளம் முழங்கால், சீக்கிரமே கிறேசைப் பிடித்துவிட்டாள். இருவரும் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கிறேஸ் இந்தக் கோடை முழுக்க ஆசைப்பட்ட இடம் அதுதான்.

“நாங்கள் தோத்துப் போனம் எல்லோ,” என்றாள் சஜிதா. “வெண்டால்தானே ஏற வேணும். பேந்து ஏன் ஏறுறியள்?”

அடுத்த வருடத்துக்காக முன்கூட்டியே ஏறுகிறேன் என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சஜிதா நம்புவாள். நம்பி அழவும் செய்வாள். ஆனால் சூசையப்பரின் படியில் முழங்காலில் நின்றுகொண்டு அதைச் சொல்லக் கிறேசுக்கு வாய் வரவில்லை.

“நான் வேறை நேர்த்தி வைச்சனான். ரிகோவிலை. காஸ்தோர் தோக்க வேணுமெண்டு.”

சஜிதாவுக்கு முதலில் விளங்கவில்லை.

“எங்கட ரீமோ? தோக்கச் சொல்லியோ?”

“ஓம்.”

“ஏன்?”

“நீ அவளோடை போயிட்டாய்,” என்றாள் கிறேஸ். சொல்லும்போது குரல் சின்னப்பிள்ளையின் குரல் மாதிரி வந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. “முன்சீற்றிலை இருக்கிறாய். ஒரு மெழுகுதிரியை ரெண்டு பேருமாக் கொளுத்துறியள். எங்கட நேர்த்தியைத் தூக்கி அவளுக்குக் குடுத்திட்டாய். அது நானும் நீயும் வைச்சது.”

சஜிதாவின் முகம் கறுத்தது. எழும்பிப் போய்விடத்தான் பார்த்தாள். அரைவாசி எழும்பியும்விட்டாள். ஆனால் பின்னால் ஒரு ஹெய்ட்டிக் குடும்பம் முழங்காலில் வந்துகொண்டிருந்தது. சீமெந்துப் படிக்குத் தாண்டக் கைப்பிடி மறித்தது, மரப்படியில் எழும்பி நடக்கக் கூடாது. மேலே போவதென்றாலும் கீழே போவதென்றாலும் நேர்த்திக்காரர்களுக்கு நடுவில் கால் வைக்க வேண்டும். திரும்ப முழங்காலில் இருந்தாள். இருந்து, கிறேசைப் பார்க்காமல், கோபத்தில் படிக்கு மேல் படியாக விறுவிறென்று ஏறிப் போனாள். கிறேசுக்கு முன்னால் தெரிந்தது அவளுடைய சப்பாத்தின் அடி மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அதுவும் தூரப் போனது.

சரி, போகட்டும். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அணி தோற்றுவிட்டது, ஆளும் போய்விட்டாள். கிறேஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த ஹெய்ட்டிக் குடும்பம் அவளைத் தாண்டிப் போனது. போகும்போது அந்தத் தாய் அவளுடைய தோளைத் தட்டி, பிரெஞ்சில் ஆறுதலாக ஏதோ சொன்னாள். எதற்காக ஏறுகிறேன் என்று தெரிந்தால் இவள் என்னைத் தள்ளிவிடுவாள் என்று கிறேஸ் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு அடுத்த படியில் முழங்காலை வைத்தாள். அதற்கடுத்ததில் மற்றதை.

முக்கால்வாசிக்கு மேலே போனபோது, ஒரு படியில் சஜிதா ஒதுங்கி நின்றாள். முழங்காலில்தான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஏறவுமில்லை. கிறேஸ் அந்தப் படிக்கு வந்து சேரும்வரை அப்படியே நின்றாள்.

“உங்களுக்கு எத்தினை வயசு அக்கா?”

கிறேஸ் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள்.

“அனுஜன் இப்பிடி ஒரு வேலை செய்திருந்தால் சுவரைப் பாத்துக்கொண்டு நில்லடா எண்டு விட்டிருப்பன். அந்தச் சின்னப் பெடியன் ரெண்டு பந்தையும் விட்டுட்டு எவ்வளவு அழுதவன். பாத்தனீங்கள்தானே?”

“பாத்தனான்.”

“நானும் மூண்டு நாள் சாப்பிடேல்லை.”

“தெரியும்.”

சஜிதா மூச்சை இழுத்து விட்டாள். பிறகு கையை நீட்டிக் கிறேசின் முழங்கைக்குக் கீழே கொடுத்து, பாரத்தைத் தாங்கிக்கொண்டாள். மிச்சப் படிகளை இருவரும் அப்படியே ஏறினார்கள். செபமும் இல்லை, கதையும் இல்லை.

மேலே மதிற்கட்டில் இருந்தார்கள். கிறேசின் இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. சஜிதா தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, முதலில் தான் குடித்துவிட்டுத்தான் கொடுத்தாள். இன்னும் கோபம்தான்.

“அடுத்த வருசம் நீங்கள் ஒரு மாதாட்டையும் ஒண்டும் கேக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு மட்ச் பாக்க வேணும்.”

“சரி.”

“எடுப்பினமோ? உண்மையைச் சொல்லுங்கோ.”

கிறேஸ் யோசித்தாள். எரிச்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசித்தாள். இந்தக் கோடையில் அதுதான் முதல் தடவை.

“றீபவுண்டுக்கு ஒரு ஆள் வேணும். கிடைச்சால் எடுப்பினம்.”

சஜிதா தலையாட்டினாள். கீழே நகரம் வெயிலில் கிடந்தது. அதைப் பார்த்தபடியே சஜிதா சொன்னாள்.

“ஒண்டு சொல்லுறன் அக்கா. இந்த நேர்த்திக் கதை ஜென்சிக்குத் தெரியக் கூடாது. அவ தாங்க மாட்டா. உங்களை அவ்வளவு பெரிசா நினைச்சுக்கொண்டு இருக்கிறா. இது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான். நானும் சொல்ல மாட்டன்.”

எனக்கும் உங்களுக்கும் மட்டும். கிறேஸ் அதை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். வெட்கப்பட வேண்டிய இடம் அது. அணியைத் தோற்கக் கேட்டவள், ஒரு பெடியனை அழவைத்தவள், நம்பி அழுதவளின் முதுகைத் தடவியவள், வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. சந்தோசத்தில் காது மடல்வரை சூடேறியது. ஜென்சிக்குத் தெரியாத ஒன்று தங்கள் இருவரிடமும் இருக்கிறது.

“ஓம், ஓம்,” என்றாள். “அவளுக்குச் சொல்லக் கூடாது.”

இருவரும் சீமெந்துப் படியில் மெதுவாக இறங்கி, மெற்றோவுக்கு நடந்தார்கள்.